பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றும் முன்: வாசகர் கேள்வி – பதில்

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவது பிக்கப்; தந்திகள் உடலில் ஊன்றி நிற்கும் பிரிட்ஜுக்கு அருகில் இருப்பது பிரிட்ஜ் பிக்கப். அதை மாற்றுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் ஒன்றாகப் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: என்னிடம் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில், ஆரம்ப விலையில் வாங்கிய கிட்டார் ஒன்று இருக்கிறது. பிரிட்ஜ் இடத்தில் ஹம்பக்கரும் (இரண்டு காயில் கொண்ட பிக்கப்) மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயிலும் (ஒரே காயில் கொண்டது) உள்ளன. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் பிரிட்ஜ் பிக்கப்பின் ஒலி குழம்பிவிடுகிறது. பல ஸ்வரங்கள் சேர்ந்த கார்டு வாசிக்கும்போது அதிலுள்ள ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்பதில்லை. 16 கிலோ ஓம் உள்ள பிக்கப்பை வாங்கினால் சரியாகிவிடும், 8 கிலோ ஓம் என்றால் சக்தி போதாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பிக்கப்பின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் கிலோ ஓம் எண், அதனுள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியின் மின்தடையை மட்டுமே சொல்கிறது. பிக்கப் எவ்வளவு உரக்க ஒலிக்கும், எப்படி ஒலிக்கும் என்பதை அது நேரடியாகச் சொல்வதில்லை. பழைய பாணி ஹம்பக்கர்களில் அமெரிக்க அளவுமுறைப்படி 42-ஆம் எண் கம்பியைச் சுற்றுகிறார்கள். அதன் தடிமன் சுமார் 0.063 மி.மீ. அதே அளவு சுற்றுகளை 44-ஆம் எண் கம்பியில், அதாவது சுமார் 0.05 மி.மீ. தடிமனில் சுற்றினால், கம்பி மெலிந்த காரணத்தாலேயே மின்தடை ஏறத்தாழ 1.6 மடங்காகிவிடும். 8 கிலோ ஓம் காட்டிய பிக்கப் 12 கிலோ ஓமைத் தாண்டிக் காட்டும். ஆனால் சுற்றுகளும் காந்தமும் மாறாததால் வெளிவரும் சக்தி அநேகமாக அதே அளவில்தான் இருக்கும். செம்பின் மின்தடை வெப்பத்தோடும் கூடுகிறது: ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம். குளிரூட்டிய அறையில் 20 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டும் பிக்கப், மே மாத மதியத்தில் 35 டிகிரியில் 8.4 கிலோ ஓமைத் தாண்டிக் காட்டும். ஆகவே ஒரே கம்பி, ஒரே காந்தம், ஒரே அமைப்பு கொண்ட இரண்டு பிக்கப்புகளை ஒப்பிடும்போது மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள்.

பிரிட்ஜ் இடத்துப் பிக்கப்பை மற்றவற்றைவிடச் சற்று அதிகமாகச் சுற்றுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதிரும் தந்தியின் நீளம் 648 மி.மீ. பிரிட்ஜிலிருந்து சுமார் 40 மி.மீ. தள்ளிப் பிக்கப் அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், தந்தியின் நடுவில் இருக்கும் அடிப்படை அதிர்வின் வீச்சில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் அந்த இடத்தில் இருக்கும். கிட்டாரின் கழுத்தை ஒட்டிய நெக் பிக்கப் அமர்ந்திருக்கும் பகுதியில், அதாவது தந்தியின் நீளத்தில் கால் பங்கு தூரத்தில், அது பத்தில் ஏழு பங்காக இருக்கிறது. பிரிட்ஜ் பக்கத்தில் அடிப்படை ஸ்வரம் மெலிந்து, மேல் ஹார்மோனிக்குகள் ஒப்பளவில் ஓங்கி நிற்கின்றன. அங்கே கேட்கும் கூர்மைக்கு முதற்காரணம் இந்த இடம்தான். எந்தப் பிக்கப்பை வாங்கினாலும் இந்தக் குணம் முழுவதுமாகப் போய்விடாது. அதை எவ்வளவு தணிப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்பதே நம் கையில் உள்ள தேர்வு.

அந்தத் தேர்வுக்கு உதவும் எண் இண்டக்டன்ஸ், அதாவது மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்க்கும் காயிலின் குணம். இதை ஹென்றி என்ற அலகில் அளக்கிறார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் பலர் இதையும் வெளியிடுகிறார்கள். காயிலின் இண்டக்டன்ஸும், காயிலும் கேபிளும் சேர்ந்து தரும் கெபாசிட்டன்ஸும் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) கூடி, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் ஒலியை மேடாக்குகின்றன. அதற்கு மேலே உள்ள ஒலி வேகமாகச் சரிந்துவிடுகிறது. சாதாரண கேபிளில் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருக்கும். ஐந்து மீட்டர் கேபிளையும் காயிலையும் சேர்த்து 600 பைக்கோஃபாரட் என்று கொண்டு கணக்கிட்டால், 2.4 ஹென்றி உள்ள பழைய பாணி சிங்கிள் காயிலில் அந்த மேடு சுமார் 4,200 ஹெர்ட்ஸிலும், 4.5 ஹென்றி உள்ள பழைய பாணி ஹம்பக்கரில் சுமார் 3,060 ஹெர்ட்ஸிலும், 8 ஹென்றி அளவுக்கு மிகுதியாகச் சுற்றிய ஹம்பக்கரில் சுமார் 2,300 ஹெர்ட்ஸிலும் விழுகிறது. கார்டில் உள்ள ஸ்வரங்களைக் காது பிரித்தறிவதற்கு 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி மிகவும் உதவுகிறது. அந்தப் பகுதி சரிந்து, அதற்குக் கீழே நடு ஒலி பெருத்த நிலையில் டிஸ்டார்ஷனும் சேர்ந்தால், நீங்கள் சொல்லும் குழப்பம்தான் மிஞ்சும்.

எனவே நண்பர்கள் சொன்ன வழி உங்கள் குறையைக் கூட்டவே செய்யும் என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்குத் தேவை அளவாகச் சுற்றிய ஹம்பக்கர். கிப்ஸன் நிறுவனத்தில் சேத் லவர் வடிவமைத்து, 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1957 முதல் லெஸ் பால் கிட்டார்களில் பொருத்தப்பட்ட மூல ஹம்பக்கரின் வழியில் வந்தவை இவை. காப்புரிமை 1959-ல்தான் கிடைத்தது. அதற்கு முன்பிருந்தே 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற பொருள்படும் ஒட்டுச்சீட்டை அடியில் ஒட்டி அனுப்பியதால், அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் 'பி.ஏ.எஃப்.' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு காயிலிலும் சுமார் 5,000 சுற்றுகள், 42-ஆம் எண் எனாமல் கம்பி, அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) காந்தம் என்பதே அதன் அமைப்பு. அக்காலத்தில் கைவசம் இருந்த அல்னிகோ வகைகளைக் கலந்து பயன்படுத்தியதாலும், சுற்றுகளின் எண்ணிக்கை ஒரே சீராக இல்லாததாலும், அந்தப் பிக்கப்புகளே ஒன்றுபோல ஒன்று ஒலிப்பதில்லை; மின்தடையும் 7 முதல் 9 கிலோ ஓம் வரை மாறுபடும். இன்று அந்தப் பாணியில் செய்யப்படுபவற்றில் செமோர் டங்கனின் '59 மாடல் பரவலாகக் கிடைப்பது. அதில் உள்ள அல்னிகோ 5 காந்தம் கீழ் ஒலியை இறுக்கமாகவும் மேல் ஒலியைத் தெளிவாகவும் தரும். அல்னிகோ 2 காந்தம் கொண்டவை தாக்கம் மென்மையாகவும் மேல் ஒலி சற்று உருண்டையாகவும் இருக்கும். உங்கள் கிட்டார் இயல்பிலேயே கூர்மையாக ஒலிப்பதாக இருந்தால் அவற்றைப் பாருங்கள்.

அதிகம் சுற்றிய பிக்கப்புகள் ஏன் வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் அவை யாருக்குப் பொருந்தும் என்பதும் விளங்கும். 1972-ல் லாரி டிமார்ஸியோ வெளியிட்ட சூப்பர் டிஸ்டார்ஷன், கிட்டாரில் மாற்றிப் பொருத்துவதற்கென்றே விற்கப்படும் பிக்கப்புகளின் சந்தையைத் தொடங்கிவைத்தது. அன்றைய வால்வு ஆம்ப்புகள் பெரும்பாலானவற்றில் கெய்னை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, தனியாகக் கூட்டும் வசதி இல்லை. ஆம்ப்பின் முதல் வால்வைத் திணறவைக்கக் கிட்டாரிலிருந்தே கூடுதல் சக்தி வேண்டியிருந்தது. செராமிக் காந்தமும் 13 கிலோ ஓமைத் தாண்டும் காயில்களும் அந்தத் தேவைக்காக வந்தவை. இன்றைய ஆம்ப்பிலோ பெடலிலோ கெய்னுக்குப் பஞ்சமே இல்லை. பிக்கப்பின் சக்தியைக் கொண்டு அதைப் பெற வேண்டிய கட்டாயம் இன்று வெகு சிலருக்கே இருக்கிறது. நீண்ட லீட் வாசிப்பில் ஸ்வரம் தடித்து நிற்க வேண்டும், நடு ஒலி முன்னே வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் 16 கிலோ ஓம் காட்டும் செமோர் டங்கனின் ஜே.பி. மாடல் போன்றவற்றை மனநிறைவோடு வாங்கலாம். அதன் புகழ் நியாயமானதே. ஆனால் கார்டு தெளிவு வேண்டும் என்பவருக்கு அது முதல் தேர்வாக இருக்க முடியாது. உங்கள் கிட்டாரின் மற்ற இரண்டு பிக்கப்புகளும் சிங்கிள் காயில் என்பதையும் மறக்க வேண்டாம். பிரிட்ஜில் மட்டும் மிக உரத்த பிக்கப் அமர்ந்தால், ஸ்விட்சைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் ஒலியளவு குதிக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள்: வாங்குவதற்கு முன் இருக்கிற பிக்கப்பை ஒரு முறை சரியாகச் சோதித்துப் பாருங்கள். ஆரம்ப விலைக் கிட்டார்களில் பிக்கப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாக ஏற்றி வைத்திருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் போலுக்கும் (தந்திக்கு நேர் கீழே தெரியும் உலோக முனை) நடுவே உள்ள இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். கிப்ஸன் தன் பிரிட்ஜ் ஹம்பக்கர்களுக்குச் சுமார் 1.6 மி.மீ. என்று சொல்கிறது, நீங்கள் 2 மி.மீ. அல்லது இரண்டரை மி.மீ. வரைகூட இறக்கிக் கேட்கலாம். இருபுறத் திருகுகளையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அதே கார்டை அதே டிஸ்டார்ஷனில் வாசியுங்கள். தடித்த தந்திப் பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கினாலே குழப்பம் பாதியாகக் குறைவது உண்டு. அடுத்து வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடை) முதுகில் அச்சிட்டிருக்கும் மதிப்பைப் பாருங்கள். 250 கிலோ ஓம் என்று இருந்தால், ஹம்பக்கரின் மேல் ஒலியை அது உறிஞ்சிவிடும். 500 கிலோ ஓமுக்கு மாற்றினால் ஒலி திறந்துகொள்ளும். அப்போது சிங்கிள் காயில்கள் கூச்சலிடுவதாகத் தோன்றினால், அவற்றுக்கு மட்டும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கிரவுண்டுக்கு (சுற்றின் பொது முனை) இணையாகப் போட்டுத் தணிக்கலாம். இந்த இரண்டையும் செய்த பிறகும் குறை நீங்கவில்லையென்றால் தயங்காமல் பிக்கப்பை மாற்றுங்கள்.

கேள்வி: மாற்றுப் பிக்கப்பின் விவரத்தில் 50 மி.மீ., 53 மி.மீ. என்று இரண்டு வகைகள் காட்டப்படுகின்றன. எதை வாங்குவது?
– சென்னை வாசகர்

பதில்: தடித்த இ தந்தியின் கீழுள்ள போலின் நடுவிலிருந்து மெல்லிய இ தந்தியின் கீழுள்ள போலின் நடு வரை உள்ள தூரமே அது. பழைய கிப்ஸன் பாணி பிரிட்ஜ்களில் தந்திகள் நெருங்கியிருப்பதால் 49, 50 மி.மீ. பிக்கப்புகள் பொருந்தும். ஃபென்டர் பாணி ட்ரெமோலோ பிரிட்ஜ்களிலும் ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ்களிலும் தந்திகள் விலகி ஓடுவதால் 51 முதல் 53 மி.மீ. வேண்டும். இந்த அகன்ற வகையை டிமார்ஸியோ எஃப்-ஸ்பேஸ்டு என்றும், செமோர் டங்கன் ட்ரெம்பக்கர் என்றும் விற்கிறார்கள். உங்கள் கிட்டாரில் பிக்கப் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே இரண்டு ஓரத் தந்திகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, அதற்கு நெருங்கியதை வாங்குங்கள். ஒரு மி.மீ. பிசகினால் காதுக்குத் தெரியாது. பிளேடு வடிவப் போல் கொண்ட பிக்கப்பில் இந்தக் கேள்வியே எழாது.

போல் இடைவெளியைவிடச் சிக்கலானது பிக்கப்பின் அடித்தட்டிலிருந்து இறங்கும் உலோகக் கால்களின் நீளம். மெல்லிய உடல் கொண்ட கிட்டார்களில் குழி ஆழமாக இராது. நீண்ட கால் கொண்ட பிக்கப் அடியில் முட்டிக்கொண்டு, நீங்கள் விரும்பும் உயரத்துக்கு இறங்க மறுக்கும். பழையதைக் கழற்றிக் குழியின் ஆழத்தை அளந்த பிறகு வாங்கினால் மரத்தைக் குடைய வேண்டிய நிலை வராது.

கேள்வி: எங்கள் தேவாலய இசைக்குழுவில் மூன்று சிங்கிள் காயில் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாசிக்கிறேன். பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்துகிறது. மேடை விளக்குகளைப் போட்டவுடன் இரைச்சலும் தாங்க முடியவில்லை. ஹம்பக்கர் பொருத்த வேண்டுமானால் கிட்டாரைக் குடைய வேண்டும் என்கிறார்கள். அதைச் செய்ய மனம் வரவில்லை. வேறு வழி உண்டா?
– தூத்துக்குடி வாசகர்

பதில்: உண்டு, முதல் வழிக்குச் செலவே இல்லை. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்த காலம் தொட்டு அதன் மூல வயரிங்கில் ஒரு டோன் பாட் நெக் பிக்கப்புக்கும் மற்றொன்று நடுப் பிக்கப்புக்கும் இணைக்கப்பட்டன. பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கட்டுப்பாடே தரப்படவில்லை. உங்கள் கிட்டாரும் அப்படி இருந்தால், ஸ்விட்சில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு உரிய முனையையும் இரண்டாம் டோன் பாட் இணைந்திருக்கும் முனையையும் சிறு வயர் துண்டு ஒன்றால் பற்றவைத்துவிட்டால் போதும். டோனைப் பத்திலிருந்து ஏழுக்குக் கொண்டுவந்து பாருங்கள். புதிய பிக்கப் வேண்டுமா என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கலாம். பிக்கப்பின் மெல்லிய தந்திப் பக்கத்தை இறக்குவதையும் முயன்று பாருங்கள். அல்னிகோ கம்பங்களே போலாக அமைந்த சிங்கிள் காயிலை மிக நெருக்கமாக வைத்தால், காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி கலங்கியது போன்ற ஒலியை உண்டாக்கும். கடைசி ஃபிரெட்டை அழுத்திய நிலையில் மெல்லிய பக்கம் 2 மி.மீ., தடித்த பக்கம் 2.4 மி.மீ. என்பது ஃபென்டரின் பழைய பாணிப் பிக்கப்புகளுக்கு உகந்த தொடக்கம்.

இரைச்சல் தனிப் பிரச்சினை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. சுற்றியுள்ள டிரான்ஸ்ஃபார்மர்களும் வயர்களும் கசியவிடும் காந்தப்புலத்தைச் சிங்கிள் காயில் தந்தியின் ஒலியைப் போலவே வாங்கிக்கொள்கிறது. மேடை விளக்குகளின் டிம்மர், மின் அலையை நறுக்கி நறுக்கி அனுப்புவதால், அதில் 50 ஹெர்ட்ஸின் மேல் மடங்குகள் நிறைந்து, உறுமலுக்குப் பதில் எரிச்சலூட்டும் ரீங்காரமாகக் கேட்கிறது. ஹம்பக்கரின் இரண்டு காயில்களும் ஒன்றுக்கொன்று எதிர்ப்புறமாகச் சுற்றப்பட்டு, காந்த முனைகளும் எதிரெதிராக வைக்கப்பட்டிருப்பதால், தந்தியின் ஒலி கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் கழிகிறது. இதே வேலையைச் சிங்கிள் காயிலின் அளவுக்குள் செய்யும் இரண்டு வகைகள் உள்ளன. ஒன்றில் காயில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். சிங்கிள் காயிலின் குணம் பெரும்பாலும் நிலைத்திருக்கும். மற்றொன்றில் இரண்டு மெல்லிய காயில்கள் பக்கத்துப் பக்கத்தில் பிளேடுகளோடு இருக்கும். ஒலி தடித்து, முழு ஹம்பக்கரை நெருங்கும். வழிபாட்டுப் பாடல்களில் கிட்டாரைப் பெரும்பாலும் தெளிவான ஒலியில், எக்கோவோடு வாசிக்கிறீர்கள் என்றால் அடுக்கு வகையே உங்களுக்கு ஏற்றது. டிஸ்டார்ஷன் மிகுதி என்றால் பிளேடு வகையைப் பாருங்கள். இரண்டுக்கும் குடைய வேண்டிய அவசியம் இல்லை.

உங்கள் கிட்டாரின் முன்பக்கத் தகடான பிக்கார்டைத் திறந்து ஒரு முறை பார்ப்பதும் நல்லது. இன்றைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார்கள் பலவற்றில், பிக்கார்டில் மூன்று சிறிய துளைகளே இருந்தாலும், அடியில் மரத்தை ஹம்பக்கருக்கும் இடம் இருக்கும்படி அகலமாகக் குடைந்தே தயாரிக்கிறார்கள். அப்படி இருந்தால் பிக்கார்டை மட்டும் மாற்றி முழு ஹம்பக்கரையே பொருத்தலாம். பழைய பிக்கார்டைப் பத்திரமாக வைத்திருந்தால் கிட்டாரை எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தந்தியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைகிறதென்றால் கிட்டாரின் உள் கிரவுண்டு வேலை செய்கிறது என்று பொருள். தொடும்போது விரலில் சுரீரென்று மின்சாரம் உணர்ந்தாலோ, பாடும் மைக்கில் உதடு படும்போது அதிர்ந்தாலோ, அது பிக்கப்பின் குறை அல்ல. மேடையின் எர்த் இணைப்பில் உள்ள கோளாறு. வாசிப்பதை உடனே நிறுத்தி, எலெக்ட்ரீஷியனை அழைத்து மூன்று முனை பிளக்குகளையும் எர்த்தையும் சோதிக்கச் செய்யுங்கள். இதில் உயிராபத்து இருக்கிறது. எர்த் முனையைப் பிடுங்கிவிட்டு இரைச்சலை நிறுத்தும் பழக்கத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பிக்கப்புக்கு அடியில் செம்பு நிறத் தகடு ஒன்று இருக்கிறது. நான் வாங்க நினைக்கும் பிக்கப்பில் அது இல்லை. அதனால் ஏதேனும் வேறுபாடு உண்டா?
– யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: வேறுபாடு உண்டு. செம்பு முலாம் பூசிய அந்த எஃகுத் தகடு, காந்தப்புலத்தின் அடிப்பக்கத்தை வளைத்துக் காயிலின் இண்டக்டன்ஸைச் சற்றே கூட்டுகிறது; பிக்கப்பைச் சுற்றியிருக்கும் எஃகு பிரிட்ஜ் தட்டோடு சேர்ந்து, டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் ஒலிக்கு உரிய அந்த முனைப்பான தாக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1950-களின் ஒலியை விரும்புகிறவர் தகடு உள்ள பிக்கப்பையே வாங்குவது நல்லது. தகடு வேறொரு பணியும் செய்கிறது: சில டெலிகாஸ்டர்களில் தகடு கிரவுண்டு வயரோடு இணைக்கப்பட்டு, பிக்கப்பைத் தாங்கும் மூன்று திருகுகளின் வழியாகப் பிரிட்ஜும் தந்திகளும் கிரவுண்டு ஆகின்றன. தகடு இல்லாத பிக்கப்பைப் பொருத்தினால் அந்த இணைப்பு அறுந்து இரைச்சல் கிளம்பும். அப்போது பிரிட்ஜ் தட்டின் அடியிலிருந்து வால்யூம் பாட்டின் முதுகுக்குத் தனி வயர் ஒன்று இழுக்க வேண்டும். அதிக ஒலியில் கீச்சென்று அலறும் டெலிகாஸ்டர்களில் இந்தத் தகடு தளர்ந்திருப்பதும் உண்டு. மெழுகில் தோய்த்து எடுத்த பிக்கப்பில் காயிலும் தகடும் அசையாமல் நிற்பதால் அந்த அலறல் எழுவதில்லை.

கேள்வி: என் பழைய கிட்டாரின் பிரிட்ஜ் பிக்கப் ஒலிப்பதே இல்லை. புதியது வாங்குவதற்குப் பதிலாக, மோட்டார் ரீவைண்டிங் கடையில் கொடுத்து காயில் கட்ட முடியுமா?
– திருச்சி வாசகர்

பதில்: முதலில் மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் வைத்து, பிக்கப்பின் இரண்டு வயர்களையும் வெளியே கழற்றி அளவிடுங்கள். சில கிலோ ஓம் அளவில் ஒரு மதிப்பு காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது. கோளாறு ஸ்விட்சிலோ ஜாக்கிலோ இருக்கும். எல்லை கடந்ததாகக் காட்டினால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த இடம் பெரும்பாலும் காயிலின் தொடக்க முனையோ கடைசி முனையோ வெளி வயரோடு பற்றவைக்கப்பட்ட புள்ளியாகவே இருக்கும், ஏனென்றால் வியர்வையும் ஈரக் காற்றும் அங்கேதான் முதலில் அரிக்கின்றன. வெளிச் சுற்றில் அறுந்திருந்தால் பூதக்கண்ணாடியும் பொறுமையும் உள்ள ஒருவர் ஒரு சுற்றை அவிழ்த்து மறுபடியும் பற்றவைத்துவிடலாம்.

உள்ளே அறுந்திருந்தால் புதிதாகச் சுற்ற வேண்டும். நம் ரீவைண்டிங் கடைக்காரர்களின் கைத்திறனைப் பற்றி எனக்குத் துளியும் ஐயம் இல்லை. ஆனால் அவர்கள் கம்பியைப் பிரிட்டிஷ் அளவுமுறையான எஸ்.டபிள்யூ.ஜி. எண்ணில் சொல்வார்கள், பிக்கப் விவரங்களோ அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. எண்ணில் இருக்கும். 42 என்று மட்டும் சொல்லிக் கேட்டால் 0.1 மி.மீ. கம்பி கிடைக்கும், அதில் சுற்றினால் பாதிச் சுற்றுகளுக்கு முன்பே கம்பி சுற்றும் சட்டமான பாபின் நிறைந்துவிடும். உங்களுக்கு வேண்டிய 0.063 மி.மீ. கம்பி எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 46-ஐ ஒட்டி வரும். ஆகவே எண்ணைச் சொல்லாமல் மி.மீ. அளவைச் சொல்லிக் கேளுங்கள். தலைமுடியைவிட மெல்லிய இந்தக் கம்பி, மோட்டார் சுற்றும் இழுவிசையில் அறுந்துவிடும். சுற்றும் எந்திரத்தில் எண்ணிக்கை காட்டியும், விரல்களின் நடுவே கம்பியை மென்மையாக ஓடவிடும் பழக்கமும் வேண்டும். சாதாரணத் தொழிற்சாலைப் பிக்கப்பென்றால் இவ்வளவு உழைப்புக்கு அது ஈடாகாது, புதியதே வாங்குங்கள். கிட்டாரோடு வந்த பழைய, தரமான பிக்கப்பென்றால் இந்த முயற்சி முற்றிலும் தகும்.

கேள்வி: பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்பைப் பிரிட்ஜில் மட்டும் போடலாமா?
– சேலம் வாசகர்

பதில்: தவிர்ப்பது நல்லது. இ.எம்.ஜி. 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்புகள் 9 வோல்ட் பேட்டரியோடும் 25 கிலோ ஓம் பாட்களோடும் இயங்குவதற்காக அமைக்கப்பட்டவை. சாதாரணப் பிக்கப்பை அந்த 25 கிலோ ஓம் பாட்டில் இணைத்தால் ஒலி மங்கிப்போகும். ஆக்டிவ் பிக்கப்பை 500 கிலோ ஓம் பாட்டில் இணைத்தால் வால்யூம் சீராகக் குறையாமல் திடீரென்று விழும். மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள்; பேட்டரிக்கு உடலில் இடம் இருக்கிறதா என்பதையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய பிரிட்ஜ் ஹம்பக்கரைப் பொருத்திவிட்டேன். தனியாக நன்றாக ஒலிக்கிறது. நெக் பிக்கப்போடு சேர்த்தால் ஒலி மெலிந்து, தகர டப்பாவில் வாசிப்பதுபோல் கேட்கிறது. பிக்கப் பழுதா? இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தின் தயாரிப்புகள்.
– மதுரை வாசகர்

பதில்: பிக்கப்பில் பழுது ஏதும் இல்லை. இரண்டும் எதிர் ஃபேஸில், அதாவது ஒன்றின் சிக்னல் ஏறும்போது மற்றொன்று இறங்கும்படி, இணைந்திருப்பதால் ஒன்றின் கீழ் ஒலியை மற்றொன்று கழித்துவிடுகிறது. நான்கு வயர் கொண்ட ஹம்பக்கர்களில் வயரின் நிறங்களுக்குப் பொது விதி கிடையாது. செமோர் டங்கனில் கறுப்பு வயர் ஸ்விட்சுக்கும், பச்சையும் உறையில்லாத வயரும் கிரவுண்டுக்கும் செல்லும். வெள்ளையும் சிவப்பும் ஒன்றோடொன்று இணைக்கப்படும். டிமார்ஸியோவில் சிவப்பு ஸ்விட்சுக்கும் பச்சை கிரவுண்டுக்கும் செல்ல, கறுப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று இணைக்கப்படும். ஒரு நிறுவனத்தின் வரைபடத்தை வைத்து மற்றொன்றைப் பொருத்தியவர்களுக்கு இந்தக் குறை அடிக்கடி வருகிறது.

வயரிங் சரியாகவே இருந்தாலும் இரு நிறுவனங்களின் ஃபேஸ் எதிரெதிராக இருக்கலாம். சோதிக்கும் முறை எளிது. மல்டிமீட்டரைக் கிலோ ஓம் நிலையில் வைத்து, ஸ்விட்சுக்குச் செல்லும் வயரில் சிவப்பு முனையையும் கிரவுண்டு வயரில் கறுப்பு முனையையும் இணையுங்கள். ஸ்க்ரூடிரைவரின் எஃகு முனையைப் போல்களின் மேல் வைத்துச் சட்டென்று இழுத்தால், காட்டப்படும் எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். நெக் பிக்கப்பிலும் இதையே செய்யுங்கள். ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கினால் எதிர் ஃபேஸ் என்பது உறுதி. அப்போது புதிய பிக்கப்பில் ஸ்விட்சுக்குச் செல்லும் வயரையும் கிரவுண்டுக்குச் செல்லும் வண்ண வயரையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். உறையில்லாத வயர் மட்டும் எப்போதும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும். நெக் பிக்கப் உலோகப் பின்னல் உறையிட்ட ஒற்றை வயர் வகையாக இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். முனைகளை மாற்றினால் பின்னலும் உலோக மூடியும் சிக்னலோடு சேர்ந்து, தொட்டவுடன் உறுமத் தொடங்கும். மாற்றத்தைப் புதிய பிரிட்ஜ் பிக்கப்பிலேயே செய்துகொள்ளுங்கள்.